குளோபல் ஃபண்ட் ஆலோசகராக வேண்டுமா? சான்றிதழில் தொடங்கி முதல் பயணம் வரை

மாதத்துக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார். "அண்ணே, குளோபல் ஃபண்ட் கன்சல்டன்ட் சர்டிஃபிகேட் எங்க குடுக்கறாங்க, எவ்வளவு ஆகும்?" கேட்பவர்கள் ஒன்றும் தெரியாத ஆட்கள் இல்லை. எட்டுப் பத்து வருஷம் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர்கள், மருந்து ஸ்டோரை நடத்தியவர்கள், மாதாமாதம் ரிப்போர்ட் போட்டுப் போட்டு எக்செல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்தவர்கள். வேலை தெரியும், வாசல் எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டினால் கையில் கிடைக்கிற அப்படி ஒரு சான்றிதழ் இன்றைக்குக் கிடையாது. யாராவது "சர்வதேச ஆலோசகர் சான்றிதழ், ஐநா பட்டியலில் பெயர் சேர்க்கப்படும், கட்டணம் இவ்வளவு" என்று விளம்பரம் போட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஐநா அமைப்புகள் ஆள் எடுக்கும்போது எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. அப்புறம் எப்படித்தான் தகுதியைக் காட்டுவது? அதற்கு முன்னால் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

பணம் யாருடையது, ஆலோசகர் எதற்கு

எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றையும் எதிர்க்கப் பணம் தரும் அமைப்புதான் குளோபல் ஃபண்ட். 2002-ல் தொடங்கியது, தலைமையகம் ஜெனீவா. இதில் மனதில் வைக்க வேண்டிய ஒரே விஷயம், அதற்கு எந்த நாட்டிலும் கிளை அலுவலகம் கிடையாது. பணம் தரும், கணக்குக் கேட்கும், அவ்வளவுதான். வேலை முழுக்க நாட்டுக்காரர்கள் கையில். அரசு, தொண்டு நிறுவனங்கள், தனியார் துறை, நோயோடு வாழ்பவர்கள் எல்லாரும் உட்காரும் ஒரு குழு இருக்கும், அது சிசிஎம். பணம் கேட்டு விண்ணப்பிப்பதும், யார் கையில் பணத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்வதும், அப்புறம் மேற்பார்வை பார்ப்பதும் அதன் வேலை. பணத்தை வாங்கி நடத்தும் நிறுவனம் பிஆர், அதற்குக் கீழே பணம் வாங்கி வேலை செய்யும் நிறுவனம் எஸ்ஆர். இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவும் மத்திய காசநோய்ப் பிரிவும் பிஆர்கள். நம்ம சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் சாத்தி என்ற தொண்டு நிறுவனமும் பிஆராக இருந்திருக்கிறது. ஜெனீவாக்காரர்கள் நேரில் இல்லாததால் அவர்களுக்குக் கண்ணாக ஒரு தணிக்கை மாதிரி அமைப்பு ஊரில் இருக்கும், அது எல்எஃப்ஏ. பல நாடுகளில் பிடபிள்யூசி, கேபிஎம்ஜி மாதிரி நிறுவனங்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன.

இப்போது ஒரு பிஆருக்குக் கணக்கு இடிக்கிறது, மருந்து தேங்குகிறது, சிசிஎம்மில் ஒரே சண்டை என்று வையுங்கள். யார் வந்து சரிசெய்வது? பணம் கொடுப்பவர் செய்யக் கூடாது, எல்எஃப்ஏவும் செய்யக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு அதைச் சரிபார்க்கப் போவதே அவர்தான். ஆகவே வெளியிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஓர் ஆள். அந்த ஆள்தான் டிஏ ஆலோசகர். டிஏ என்றால் தொழில்நுட்ப உதவி, ஆனால் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.

சான்றிதழ் என்று ஒன்று இருந்த காலம்

அமெரிக்கா குளோபல் ஃபண்டுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் வரை எடுத்து இந்த மாதிரி உதவிக்குச் செலவழிக்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படி வந்ததுதான் ஜிஎம்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட கிராண்ட் மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ். 2007-லிருந்து 2017 வரை ஓடியது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணம், எம்எஸ்எச் என்ற நிறுவனத்தின் தலைமை. அவர்கள்தான் ஆலோசகர்களை முறையாகப் பயிற்சி கொடுத்து, சான்று கொடுத்து அனுப்பினார்கள். இணையத்தில் படிக்கிற பகுதி ஒன்று, நேரில் உட்காருகிற பகுதி ஒன்று. வேலையைப் பிரித்தும் வைத்திருந்தார்கள்: சிசிஎம் நிர்வாகமும் மேற்பார்வையும், பிஆரின் நிதி-நிர்வாகம், கொள்முதலும் மருந்து விநியோகமும், எம் அண்ட் ஈ எனப்படும் கண்காணிப்பு-மதிப்பீடு. 2017-ல் திட்டம் முடிந்தது. பழைய ஆட்களின் சிவியில் அந்த வரியை இன்னும் பார்க்கலாம்.

இப்போது அந்த இடத்தில் ஒரே ஒரு வாசல் கிடையாது, பல சின்ன வாசல்கள். பிரான்ஸ் 2011-ல் இதே வேலைக்குத் தன் பங்கில் 5 சதவீதத்தை ஒதுக்கி, பெயரிலேயே 5% என்று போட்டு ஆரம்பித்தது. பின்னால் பெயரிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு வெறும் லினிஷியாட்டிவ் ஆக்கிவிட்டார்கள், எக்ஸ்பர்ட்டீஸ் பிரான்ஸ் நடத்துகிறது. ஜெர்மனியின் ஜிஐஇசட் என்ற உதவி நிறுவனத்திடம் பேக்கப் ஹெல்த் என்ற திட்டம். மலேரியாவுக்கு ஆர்பிஎம், காசநோய்க்கு ஸ்டாப் டிபி என்ற கூட்டமைப்புகள், இது போக உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொன்றும் தனித்தனி ஆலோசகர் பட்டியல் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் தன் வழியில் சலித்து எடுக்கிறது. அந்தச் சல்லடையில் தேறுவதுதான் இன்றைய சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் மோசம் என்பதையும் மறைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, நேற்று வரை பயணச்சீட்டு போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இன்று வேலை இல்லை. ஜூலையில் யுஎஸ்எய்டே மூடப்பட்டது. குளோபல் ஃபண்டுக்கு 2022-ல் நாடுகள் தருவதாகச் சொன்னது 1,500 கோடி டாலருக்கு மேல். 2025 நவம்பரில் ஜோகனஸ்பர்க்கில் தருவதாகச் சொன்னது 1,134 கோடி. இருக்கிற நாற்காலிகளும் குறைந்து, அனுபவசாலிகளும் வரிசையில் நிற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

படி 1: ஒரு துறை, ஒன்றே ஒன்று

"எனக்கு எல்லாம் தெரியும்" என்று சிவி அனுப்புபவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஜிஎம்எஸ் பிரித்து வைத்த அந்த நான்கு வேலைகளில் ஒன்றைப் பிடியுங்கள். எதில் உங்கள் கை அழுக்கானதோ அது.

மருந்து விநியோகத்தில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள் தங்களைக் குறைத்து எடைபோடுவதை நிறையப் பார்க்கிறேன். டிஎன்எம்எஸ்சி, அதாவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தொடங்கிய நிறுவனம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்து எடுக்க ஒரு பாஸ்புக், மாவட்டத்துக்குக் கிடங்கு, மருந்தின் பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகள் என்று அது போட்ட வழியைப் பார்த்துத்தான் கேரளா, ராஜஸ்தான் எல்லாம் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. அந்தக் கிடங்கில் ஆறு வருஷம் இருந்த ஃபார்மசிஸ்டுக்கு, மலாவியிலோ நேபாளத்திலோ ஒரு கிடங்கில் என்ன தப்பாகப் போகும் என்பது பாதிக்கு மேல் தெரியும். தெரியாதது குளோபல் ஃபண்டின் படிவங்கள்தான். படிவம் படித்துக்கொள்ளலாம்.

படி 2: படிக்க வேண்டியதை வரிசையாகப் படியுங்கள்

குளோபல் ஃபண்டில் ஒரு நல்ல பழக்கம், பெரும்பாலான காகிதங்களைப் பொதுவில் போட்டுவிடுவார்கள். சிசிஎம் கொள்கை, பட்ஜெட் வழிகாட்டி, மாடுலர் ஃப்ரேம்வொர்க் கையேடு எல்லாம் இலவசம். எந்த நாட்டுக்கு எவ்வளவு, யார் பிஆர் என்பதெல்லாம் அவர்களுடைய டேட்டா எக்ஸ்ப்ளோரர் இணையப் பக்கத்தில் கிடைக்கும்.

ஆனால் கொள்கையிலிருந்து தொடங்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். ஓஐஜி, அதாவது இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தின் தணிக்கை அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். எங்கே பணம் ஒழுகியது, எந்தக் கிடங்கில் மருந்து காலாவதியானது, எந்த எஸ்ஆர் போலி பில் வைத்தார் என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருப்பார்கள். துப்பறியும் கதை மாதிரி ஓடும். ஒரு நாட்டை எடுத்து அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, ஒவ்வொரு குறைக்கும் "இது எந்தக் கொள்கையை மீறியது?" என்று தேடிக்கொண்டு போனால் கொள்கை தானாக மண்டையில் ஏறும்.

சிசிஎம் பக்கம் போகிறவர்கள் ஆறு தகுதி நிபந்தனைகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் எல்லாரையும் சேர்த்து வெளிப்படையாகத் தயாரானதா, பிஆரை வெளிப்படையாகத் தேர்ந்தெடுத்தார்களா, மேற்பார்வைத் திட்டம் இருக்கிறதா, நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடம் இருக்கிறதா, அரசு சாராத உறுப்பினர்களை அவரவர் தரப்பே தேர்ந்தெடுத்ததா, நலன் முரண் (முடிவெடுப்பவரின் சொந்த ஆதாயம் குறுக்கே வருவது) பற்றிய கொள்கையும் நடத்தை விதியும் அமலில் இருக்கின்றனவா. முதல் இரண்டு விண்ணப்பிக்கும்போது பார்க்கப்படும், மற்ற நான்கு வருஷா வருஷம்.

நிதிப் பக்கம் என்றால் விரிவான பட்ஜெட் எக்செல், முன்னேற்ற அறிக்கையும் பணக் கோரிக்கையும் சேர்ந்த பியூடிஆர். மருந்துப் பக்கம் என்றால் எந்த மருந்து எவ்வளவு வாங்குவது என்று நிரப்பும் எச்பிஎம்டி என்கிற டெம்ப்ளேட். எம் அண்ட் ஈ என்றால் இலக்குகளை எழுதும் பெர்ஃபார்மன்ஸ் ஃப்ரேம்வொர்க், கூடவே சுகாதாரப் புள்ளிவிவரம் பதியும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருள். அது ஆஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கியது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பாதி சுகாதாரத் துறைகள் அதில்தான் எண்களைப் போடுகின்றன. அதன் அடிப்படைப் பாடம் இணையத்தில் கிடைக்கிறது, முடித்துவிடுங்கள்.

படி 3: சின்னச் சின்னச் சான்றிதழ்கள்

குளோபல் ஃபண்டின் ஐலேர்ன் தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. ஐநா பக்கம் போவதாக இருந்தால் பிசேஃப் என்ற பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், இலவசம், ஒரு பிற்பகல் போதும். காசநோய் மருத்துவர்களுக்கு இத்தாலியின் சொண்டாலோவில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் காசநோய் ஆலோசகர் பயிற்சிக்கு நல்ல பெயர். இவை எல்லாம் கதவு திறந்திருக்கும்போது உள்ளே விட உதவும், கதவைத் திறக்காது. பத்துச் சான்றிதழ் சேர்த்துக்கொண்டு அதையே வேலையாக வைத்துக்கொண்டிருக்கும் ஆட்களைத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று சொல்லட்டுமா? பிரெஞ்சு. மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும் பெரும்பாலும் பிரெஞ்சில் இயங்குகின்றன, லினிஷியாட்டிவ் வேலைகளில் அது இல்லாமல் நகர முடியாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த நூறு பேர் நிற்கும் வரிசையில் பிரெஞ்சு தெரிந்தவர் தனி வரிசையில் நிற்கிறார். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஆங்கிலத்தில் எம்பிஏ டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் தம்பிகளைப் பார்த்தால் வயிறெரிகிறது.

படி 4: தேர்வில் எதைப் பார்க்கிறார்கள்

எந்த அமைப்பு சலித்தாலும் கடைசியில் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த ஆளை ஒரு நாட்டுக்குத் தனியாக அனுப்பினால், அங்கே இருப்பவர்களின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல், அவர்களைக் கோபப்படுத்தாமல், அவர்கள் கையில் எதையாவது விட்டுவிட்டு வருவாரா?

நான் போன ஒரு பயிற்சியில் நாடகம் மாதிரி வைத்தார்கள். பயிற்சியாளர் ஒருவர் சிசிஎம் தலைவர், சுகாதாரத் துறைச் செயலர் வேஷம். பிஆரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். போட்டியில் இருப்பது அவருடைய அமைச்சகம். அவர் நலன் முரண் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்கெடுப்பின்போது வெளியே போக வேண்டும். போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆலோசகராக நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு முன்னால் போனவர் கொள்கையின் பத்தி எண்ணோடு முழங்கினார், அத்தனை பேர் முன்னால். செயலர் வேஷக்காரர் முகம் சிவந்து கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டார். அடுத்து வந்த பெண் ஒருவர், தேநீர் இடைவேளை கேட்டார். செயலர் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, நீங்கள் உள்ளே இருந்து உங்கள் அமைச்சகம் ஜெயித்தால் ஜெனீவாவில் இந்தத் தேர்வே செல்லாது என்பார்கள், தகுதி உள்ள அமைச்சகத்துக்கு எதற்கு அந்தப் பழி?" என்று மெதுவாகக் கேட்டார். துணைத்தலைவர் கையில் கூட்டத்தைக் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார். அந்தப் பெண்ணுக்குப் பத்தி எண் தெரியாமல் இல்லை. நானா? முதல் ஆளைப் போலத்தான் எழுதி வைத்திருந்தேன், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துவிட்டேன்.

படி 5: சிவியும் பட்டியலில் சேர்வதும்

ஐநா அமைப்புகள் தங்கள் படிவத்தைக் கேட்கும், பழைய பி11 மாதிரி. மற்றவர்கள் சிவி கேட்பார்கள். பொறுப்புகளைப் பட்டியலிடாதீர்கள், விளைவை எழுதுங்கள். "நிதி மேலாண்மைக்குப் பொறுப்பு" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "14 எஸ்ஆர்களின் செலவுக் கணக்கைக் காலாண்டுதோறும் சரிபார்த்தேன், தணிக்கையில் ஏற்கப்படாத செலவு என்று ஒதுக்கிய தொகையை ஒரு வருஷத்தில் பாதியாக்கினேன்" என்று இருந்தால் படிக்கிறவர் அங்கே நிற்பார். நோய், நாடு, மொழி, மானியத்தின் அளவு ஆகியவை முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். உங்கள் வேலை குளோபல் ஃபண்ட் பணத்தில் நடந்ததென்றால் அந்த வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். நம்ம ஆட்கள் பாதிப் பேர் "எச்ஐவி தடுப்புத் திட்டம்" என்று மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் நலன் முரண் அறிக்கை. இதில் சமாளிக்கப் பார்க்கவே கூடாது. அந்த நாட்டில் எல்எஃப்ஏவுக்கு வேலை பார்த்துக்கொண்டே அதே மானியத்தின் பிஆருக்கு ஆலோசனை சொல்ல முடியாது. நேற்று வரை எந்த எஸ்ஆரில் சம்பளம் வாங்கினீர்களோ அதை மதிப்பிடப் போக முடியாது. மச்சான் பிஆரில் மேலாளரா, எழுதுங்கள். எழுதியதால் ஒரு வேலை போகும். எழுதாமல் மாட்டினால் எல்லாப் பட்டியலிலிருந்தும் பெயர் போகும், இந்தத் துறை வெளியிலிருந்து தெரிவதைவிட ரொம்பச் சின்னது.

முதல் வேலைக்குத் தலைவராகப் போகும் கனவு வேண்டாம். அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே இரண்டாவது ஆளாக, அல்லது உங்கள் சொந்த நாட்டிலேயே உள்ளூர் ஆலோசகராகப் போவதுதான் வழக்கம். உள்ளூர் ஆட்களுக்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது, செலவும் குறைவு என்பதால்.

படி 6: டிஓஆரைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படியுங்கள்

டிஓஆர் என்பது வேலை விவரம். "பிஆரின் திறனை வலுப்படுத்துதல், 15 நாள்" என்று ஒன்று வரும். திறன் என்ன ஜிம்மா, 15 நாளில் வலுவாக? இப்படி வந்தால் உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தக் குறைக்காக இந்த உதவியைக் கேட்டார்கள், எல்எஃப்ஏ எழுதியதா, ஓஐஜி எழுதியதா? வேலை முடியும்போது எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்? அதை அங்கே ஏற்று நடத்தப்போகும் ஆள் யார், அவர் அந்தத் தேதிகளில் ஊரில் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய், நிதி மேலாளர் பிரசவ விடுப்பில் இருக்க, ஆளில்லாத அறையில் பத்து நாள் உட்கார்ந்து வந்தவர் ஒருவரைத் தெரியும்.

நாள் கணக்கில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எல்ஓஇ என்பது சம்பளம் தரும் நாள்கள், காலண்டர் நாள்கள் இல்லை. 20 நாள் எல்ஓஇ என்றால், போவதற்கு முன் காகிதங்களைப் படிக்க 3, நாட்டில் 12, அறிக்கைக்கு 4, கருத்து வந்ததும் திருத்த 1 என்று பிரித்தால் சரியாக இருக்கும். ஆனால் அந்த 20 நாள் ஒன்றரை, இரண்டு மாதம் நீளும். பயண நாளுக்குப் பணம் உண்டா, ஞாயிறு கணக்கில் வருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். திருத்தத்துக்கு நாள் ஒதுக்காதவர் மூன்று சுற்றுத் திருத்தத்தை ஓசியில் செய்து கொடுப்பார்.

பழகுவதற்கு ஒரு வழி: இரண்டாவது படியில் படித்த ஓஐஜி அறிக்கையிலிருந்து ஒரு குறையை எடுத்து, அதற்கு நீங்களே ஒரு டிஓஆரும் 15 நாள் வேலைத் திட்டமும் எழுதிப் பாருங்கள். நேர்காணலில் ஏறக்குறைய இதைத்தான் கேட்பார்கள்.

படி 7: கிளம்பும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா, உகாண்டா, நைஜீரியா மாதிரி நாடுகளுக்குப் போய்த் திரும்பும்போது சான்று இல்லையென்றால் நம்ம விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். விசா வகையை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாம் முதல் தொகை வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது, வந்த பின் பேசினால் செலவு அதிகம்.

படி 8: அங்கே போய்

எனக்கு இரண்டாவது ஆளாகக் கிடைத்த முதல் வேலை, ஒரு பிஆரின் நிதிப் பிரிவில். பியூடிஆர் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. கணக்காளர் ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும், நல்ல வேலைக்காரர், ஆனால் அந்த எக்செல்லில் செலவு வித்தியாசத்துக்கு விளக்கம் எழுதும் தாளைப் பார்த்தாலே கை நடுங்கும். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து, "தள்ளுங்கள் மேடம்" என்று நானே இரவு இரண்டு மணி வரை நிரப்பி முடித்தேன். சரியான நேரத்துக்குப் போனது. பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது, விருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே அம்மாவிடமிருந்து ஒரு செய்தி: அடுத்த அறிக்கைக்கு எப்போது வருகிறீர்கள்? எங்கள் குழுத் தலைவர் என் மதிப்பீட்டில் ஒரே வரி எழுதியிருந்தார், வேலை சுத்தம், ஆனால் அங்கே யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று. ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு அடுத்த வேலை வரவில்லை.

கிடங்குக் கதை ஒன்று, இது நல்லபடியாகப் போனது. ஒரு மாவட்டக் கிடங்கு, எச்ஐவி மருந்து டிஎல்டி. இருப்பைக் கையால் எழுதி அலமாரியில் தொங்கவிடும் பின் கார்டு என்ற அட்டையில் 4,320 பாட்டில், கணினியில் 4,680. எண்ணிப் பார்த்தோம், பின் கார்டு சரி. 360 பாட்டில் எங்கே? கூட வந்த இளைஞர் ஒருவர் உடனே நோட்டில் "திருட்டு?" என்று எழுதுவதைக் கிடங்குக்காரர் பார்த்துவிட்டார். அவர் வாய் மூடிக்கொண்டது. நான் அந்த நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அலமாரியை விட்டு நகர்ந்து, மழைக்காலத்தில் லாரி எப்படி வருகிறது, கூரை ஒழுகுமா என்று பேச ஆரம்பித்தேன். அரை மணி கழித்து அவரே மேசை இழுப்பறையைத் திறந்து ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுகளை எடுத்தார். பக்கத்து மாவட்டத்தில் மருந்து தீர்ந்துபோய், அங்கிருந்த மருத்துவர் தொலைபேசியில் கெஞ்ச, 360 பாட்டில் கடனாக அனுப்பியிருக்கிறார். கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. கணினியில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாற்றுவதற்கு அவருக்கு அனுமதியே இல்லை, அதனால் சீட்டு. அறிக்கையில் போக வேண்டியது அந்த அனுமதிப் பிரச்சினை. அதைச் சரிசெய்ய மென்பொருள் ஆளுக்கு அரை நாள் வேலை. "இருப்பில் 360 பாட்டில் குறைவு" என்று மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தால், பட்டினி கிடந்த மாவட்டத்துக்குச் சோறு போட்ட மனுஷனுக்கு மெமோ போயிருக்கும்.

அதனால் நாட்டில் இருக்கும் நாள்களில் உங்கள் கைக்கு வேலை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகை அவர்கள் பக்கம் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சந்திப்பில் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பக்கத்தில் கொடுங்கள், கடைசி நாளில் என்ன ஆனது என்று அதே ஆட்களிடம் சொல்லுங்கள். கடைசி நாளில் அவர்கள் முதல்முறையாகக் கேள்விப்படும் குறை எதுவும் உங்கள் அறிக்கையில் இருக்கக் கூடாது.

அறிக்கை இருபது பக்கத்துக்குள். பரிந்துரை ஏழெட்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர், தேதி. "வலுப்படுத்த வேண்டும்" என்று முடியும் பரிந்துரைகளை அழித்துவிட்டு, யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்று திரும்ப எழுதுங்கள்.

படி 9: திரும்பி வந்த பின்

மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பியவரிடம் மட்டும் போதாது, நாட்டுக்காரர்களிடமும் இரண்டு வரி. அடுத்த வேலைக்கு உங்கள் பெயரைச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான். எத்தனை நாள், எந்த மானியம், என்ன விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் கழித்து ஒரு விண்ணப்பத்தில் அதையே கேட்பார்கள், நினைவிலிருந்து எழுதினால் தேதி இடிக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு சின்னச் செய்தி அனுப்பி, அங்கே விட்டுவிட்டு வந்தது இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள், சம்பளம் கிடையாது, ஆனால் கேளுங்கள்.

அந்தக் கணக்காளர் அம்மாவுக்கு நான் அப்புறம் என்ன செய்தேன் என்றால், மூன்று சனிக்கிழமை காணொளியில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தொடாமல், அவரையே அந்தத் தாளை நிரப்பவைத்தேன். ஓசிதான், தப்பு என்னுடையது. போன வருஷம் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அதே நாட்டில் இன்னொரு பிஆருக்கு உள்ளூர் ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேலைத் திட்டத்தை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று. பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது, திருத்தத்துக்கு மட்டும் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.